உலகச் சூடும் நம் வீட்டுக் கூரையும்

(ஆண்டு விழாவையொட்டி நடந்த சொற்பொழிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

"உலகச் சுற்றுச்சூழல் மாற்றமும் மனித நலமும்: எவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும்?" என்பது செயலாளர் அவர்கள் இன்றைய பேச்சுக்கு இட்ட தலைப்பு. தலைப்பின் நீளத்தைப் பார்த்தாலே இது ஒரு பேராசிரியருக்காகத் தைக்கப்பட்ட சட்டை என்பது விளங்கும். அவர் வர இயலாமற்போகவே, மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து ரயில்வே காரியாலயத்தில் கோப்புகளுக்கு நடுவே காலம் தள்ளும் எங்களுக்கு அச்சட்டை வந்து சேர்ந்திருக்கிறது. தோளில் தொங்கினாலும் பொறுத்தருள வேண்டும். இருபது நிமிஷங்களுக்கு மேல் போகக்கூடாதென்றும், அடுத்து நடனமாட வேண்டிய குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

குமாஸ்தாக்களுக்கு விஞ்ஞானம் தெரியாது, பதிவேடு தெரியும். பதிவேட்டில் ஏறாத பொருள், கிடங்கில் இருந்தாலும் இல்லாததற்குச் சமானம் என்பது எங்கள் தொழிலின் முதற் பாடம். இந்தப் பெரிய தலைப்பையும் அந்தச் சிறிய சாளரத்தின் வழியாகவே பார்க்கத் துணிகிறோம்.

உலகம் சூடாகிறது என்பதை நாம் இன்று ஐயமின்றிப் பேசுவதற்குக் காரணமே ஒரு பதிவேடுதான். பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்னும் எரிமலை இருக்கிறது. அதன் சரிவில் 1958-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, காற்றிலுள்ள கரியமில வாயுவை நாள்தோறும் அளந்து குறிக்கும் வேலையைத் தொடங்கினார். அப்பொழுது பத்து லட்சம் பங்கு காற்றில் அவ்வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இப்பொழுது 420-ஐக் கடந்துவிட்டது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க ஓடவில்லை; அளந்தார், எழுதினார், மறுநாளும் அளந்தார். 1964-இல் பணத்தைக் குறைத்ததனால் சில மாதங்கள் அந்தக் குறிப்பு நின்றுபோயிற்று. அந்த வெற்றிடம் இன்றும் அந்த வரைபடத்தில் ஓட்டை விழுந்த பல் போலத் தெரிகிறது. அளந்துகொண்டே இருப்பதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். எங்கள் காரியாலயத்திலும் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் அத்தகைய கணக்கு உண்டு. 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறை தலைமுறை தலைமுறையாக உஷ்ணத்தையும் மழையையும் குறித்து வருகிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் நம் நாட்டின் சராசரி வெப்பம் 0.7 டிகிரி அளவு உயர்ந்திருக்கிறது என்று மத்திய சர்க்காரின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. முக்கால் டிகிரிகூட இல்லையே என்று தோன்றலாம். சராசரி என்பது சாதுவான சொல். அது நம் காலனிக்குள் வரும்பொழுது சாதுவாக வருவதில்லை.

ஆகாயத்தின் கணக்கு ஆக, நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆகாயத்தின் கீழ் வாழும் மனிதனின் கணக்கு எங்கே? எதை முதலில் ஆராய வேண்டும் என்று எங்களைக் கேட்டால், அதைத்தான் என்போம். அதற்கு உதாரணம் தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. இந்த அகமதாபாத் நகரமே அவ்வுதாரணம்.

2010-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அம்மாதம் 21-ஆம் தேதி 46.8 டிகிரி. குழாயைத் திறந்தால் கொதிநீர். இரவு பன்னிரண்டு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியவில்லை. அந்த வாரத்தில்தான் "தறித் தாத்தா" என்று நம் குழந்தைகள் அழைத்த பெரியவர் மறைந்தார். சேலம் பக்கத்திலிருந்து இளம் வயதில் துணி ஆலை வேலைக்கு வந்தவர். ஆலைகள் மூடப்பட்ட பின்னும் ஊர் திரும்பாமல், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் வாழ்ந்தவர். காலையில் பால் வாங்க இறங்கவில்லை என்று போய்ப் பார்த்தார்கள். கட்டிலிலேயே உயிர் போயிருந்தது.

மகனுக்குக் குஜராத்தி எழுத வராது. ஆகவே படிவங்களை நிரப்ப நாங்கள் இரண்டு பேர் உடன் சென்றோம். டாக்டர் "மாரடைப்பு" என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது பொய்யன்று. இதயம் நின்றுதான் போயிருந்தது. நாங்களும் அதையே அழகாகப் பெயர்த்தெழுதிக் கையெழுத்து வாங்கினோம். அந்த அறைக்குள் நுழைந்தபொழுது முகத்தில் அடித்த அனலை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை. எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. தினந்தோறும் பிறர் படிவங்களில் விடுபட்ட கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிடும் எங்களுக்கே தோன்றவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2014-இல், ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஆராய்ச்சியாளர்கள் செய்தது இதுதான்: 2010 மே மாதத்தில் இந்நகரில் இறந்தவர் எத்தனை பேர் என்று இறப்புப் பதிவேட்டைப் பார்த்தார்கள். 4,462 பேர். முந்திய ஆண்டு மே, பிந்திய ஆண்டு மே இரண்டையும் கொண்டு வழக்கமான அளவைக் கணக்கிட்டார்கள். 3,118 பேர். கழித்தார்கள். 1,344 பேர் அதிகம். நூற்றுக்கு 43 பங்கு கூடுதல். இவர்கள் எந்த நோயால் இறந்தார்கள் என்று படிவங்கள் சொன்னதை அவர்கள் சார்ந்திருக்கவில்லை. வெயில் என்ற சொல் ஒரு படிவத்திலும் இல்லாவிட்டாலும், மொத்தக் கணக்கில் வெயில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. தறித் தாத்தா அந்த 1,344 பேரில் ஒருவரா, வழக்கமான 3,118 பேரில் ஒருவரா? அதை இனி எவராலும் கூற இயலாது.

அதே கோடையைப் பற்றிய மற்றொரு சிறிய ஆய்வு எங்கள் நெஞ்சைத் தொட்டது. இந்நகரில், குளிர்சாதன வசதியில்லாத ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்த சிசுக்களைப் பற்றியது அது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதங்களில் உஷ்ணத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட சிசுக்கள், 2009-இல் 8, 2010-இல் 24, 2011-இல் 4. நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்பொழுதும் அத்தகைய சேர்க்கை நூற்றுக்கு 43 பங்கு கூடிற்றாம். 2010 கோடைக்குப் பின் ஒரே ஒரு காரியம் செய்தார்கள்: பிரசவ வார்டை மேல் மாடியிலிருந்து கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். அந்த இடமாற்றம் மட்டுமே குழந்தைகளை எவ்வளவு காத்தது என்றும் தனியாகப் பிரித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாதிப்பு நூற்றுக்கு 64 பங்கு குறைந்தது. புது மருந்து இல்லை, புது யந்திரம் இல்லை. ஆனால் இருபத்து நான்கு என்ற எண்ணை எவரேனும் எழுதி வைத்திராவிட்டால், அந்தக் கட்டில்கள் இன்னும் மேல் மாடியிலேயே இருந்திருக்கும்.

இக்கணக்குகளைத் தொடங்கிய முயற்சியிலிருந்துதான் 2013-இல் நம் மாநகராட்சியின் வெப்பச் செயல் திட்டம் பிறந்தது. தெற்காசியாவிலேயே இத்தகைய திட்டம் இதுதான் முதல். காந்திநகரிலுள்ள பொதுச் சுகாதாரக் கல்விக் கழகமும் அயல்நாட்டு நிறுவனங்கள் சிலவும் அதற்குத் துணை நின்றன. கோடையில் நம் கைபேசிக்கு வரும் எச்சரிக்கை, 45 டிகிரிக்குச் சிவப்பு நிறம், பகல் முழுதும் திறந்திருக்கும் பூங்காக்கள், ஆஸ்பத்திரிகளில் ஆயத்தமாக வைத்திருக்கும் பனிக்கட்டிப் பைகள் ஆகிய யாவும் அதன் பிள்ளைகள். இதனால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், தலை எண்ணிய கணக்கன்று. பிழைத்தவர்களை எண்ணுவது இறந்தவர்களை எண்ணுவதைக் காட்டிலும் கடினமான காரியம். பாதியென்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கழித்தல் கணக்குக்கு இது குறைந்த பலன் அன்று.

இறப்புப் பதிவு இந்நகரில் ஓரளவு ஒழுங்காக இருந்ததனால்தான் இவ்வளவும் கூடிற்று. 2003-இல் ஐரோப்பாவில் வீசிய அனலில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதையும் பின்னால் பதிவேடுகளைப் புரட்டித்தான் கண்டார்கள். நம் நாட்டிலோ, 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பதிவாகும் மரணங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 மட்டுமே வைத்தியர் காரணம் எழுதிய சான்றுடன் பதிவாகின்றன. எஞ்சியவர்கள் காரணமின்றியே காலமாகிறார்கள். ஒரு சிற்றூரில் சித்திரை வெயிலில் களை பறித்துக்கொண்டிருந்த மாது சாய்ந்துவிட்டாள் என்றால், அது எந்த ஏட்டில் ஏறும்? 2100-ஆம் ஆண்டில் பூமி எத்தனை டிகிரி சூடேறும் என்று கணிக்கும் பெரும் யந்திரங்கள் வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. கீலிங்கை வணங்கியவர்கள் அப்படிக் கூற முடியாது. ஆயினும், அந்த யந்திரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு, தாலுகா தோறும் இறப்பை ஒழுங்காக எழுதும் ஒரு குமாஸ்தாவுக்கும் வரட்டும் என்கிறோம். இதில் சற்று ஜாதி அபிமானம் தொனிக்கலாம். குமாஸ்தா ஜாதியைச் சொல்லுகிறோம்.

அடுத்தபடியாக எங்களுக்குத் தோன்றுவது, வீட்டுக்கு உள்ளே இருக்கும் சூடு. பத்திரிகையில் வரும் 44, 45 என்ற எண்கள் எங்கே எடுக்கப்படுகின்றன? வெள்ளை வர்ணம் பூசிய, காற்றோட்டமுள்ள ஒரு மரப் பெட்டிக்குள், தரைக்கு ஏறக்குறைய ஆள் மார்பு உயரத்தில் தொங்கும் உஷ்ணமானியில். அப்பெட்டியை அமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர். "புதையல் தீவு" கதையை எழுதிய ஸ்டீவன்சனின் தந்தை. குழந்தைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அது காற்றின் உண்மையான சூட்டைக் காட்டும் நேர்மையான பெட்டிதான். ஆனால் அந்தப் பெட்டியில் நம்மில் எவரும் குடியிருக்கவில்லையே! தகரக் கூரையின் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், அடுப்பு எரியும் நேரத்தில் எவ்வளவு? நள்ளிரவில் எவ்வளவு? பகலில் வெந்த உடம்பு இரவில் ஆறினால்தான் மறுநாளைத் தாங்கும். இரவும் ஆறாவிட்டால் கடன் மேல் கடன் ஏறுவதைப் போல் உடம்பில் சூடு ஏறும். தறித் தாத்தா இறந்தது பகலில் அன்று.

இவ்வகை ஆராய்ச்சி இப்பொழுது தொடங்கியிருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. இந்நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றிலேயே, சில நூறு வீடுகளில் கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்ணிறப் பூச்சு பூசியும் பூசாமலும் விட்டு, உள்ளே இருப்பவர்களின் தூக்கமும் நாடித் துடிப்பும் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வெண்மை குளிர்ச்சி தரும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான். இவ்வூர்க்காரர்களும் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளை மொட்டை மாடியில் பதிப்பார்கள். ஆனால் எவ்வளவு குளிர்ச்சி, எத்தனை ஆண்டுகளுக்கு, எவ்வளவு செலவில் என்பது பாட்டியின் அனுபவத்தில் இல்லை. அதைச் சொன்னால்தான் சர்க்கார் பணம் ஒதுக்கும்.

சூடு ஒன்றே பகையன்று, ஈரமும் கூட்டாளி. இதை இக்கூட்டத்திலுள்ள முதியோர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நூல் அறாமலிருக்கத் தறிக் கூடத்தில் நீராவியைப் பரப்புவார்கள். சுவரில் இரண்டு உஷ்ணமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். அந்த ஈரக் குமிழ் காட்டும் எண்ணைத்தான் இன்று உலக விஞ்ஞானிகள் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. ஈரக் குமிழ் 35 டிகிரி காட்டும் இடத்தில், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான மனிதனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டான் என்று 2010-இல் இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பின்னர், 2022-இல், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபொழுது, ஈரம் மிகுந்த காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பு தன் கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்குகிறது என்று கண்டார்கள். அந்த இளைஞர்கள் அமெரிக்க இளைஞர்கள். அறுபது வயது கடந்த, நீரிழிவு உள்ள, நாள் முழுதும் மூட்டை தூக்கிய நம் ஊர் உடம்புக்கு எல்லை எது? நம்மவர்கள் நம்மவர்களைக் கொண்டே அளந்து சொல்ல வேண்டிய எண் அது.

எங்கள் ரயில்வேயிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இக்காலத்துத் தண்டவாளம் மைல் கணக்கில் ஒரே நீளமாகப் பற்றவைக்கப்பட்டது. வெயிலில் நீள இடமில்லாததால் பக்கவாட்டில் நெளிந்துவிடக்கூடும். ஆகவே தண்டவாளத்துக்கென்றே உஷ்ணமானி உண்டு. குறித்த ஓர் அளவுக்கு மேல் 20 டிகிரி ஏறினால், கேங்மேன்களைக் கொடியுடன் அனுப்பி, நெளிவு கண்டிருக்கிறதா என்று நடந்து பார்க்கச் சொல்லுவது விதி. நல்ல விதி, எத்தனையோ ஆயிரம் பயணிகளைக் காக்கும் விதி. இரும்பு எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று ஆராய்ந்து, எண் கண்டு, அதைப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த உச்சி வெயிலில் அந்த இரும்பின் பக்கத்திலேயே நடப்பவர் எவ்வளவு தாங்குவார் என்பதற்கும் அதே கண்டிப்புடன் ஓர் எண்ணைக் கண்டு புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ரயில்வேக்கு மட்டுமன்று, சாலை போடுவோருக்கும், செங்கல் சுமப்போருக்கும், தள்ளுவண்டிக்காரர்களுக்கும்.

அந்த எண் கிடைத்தால் மட்டும் போதாது. வெயிலில் வேலையை நிறுத்தினால் அன்றைக்குச் சோறு எங்கே என்பது அடுத்த கேள்வி. 1972-இல் இந்நகரில் இளா பட் அம்மையார் நிறுவிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, 2023 முதல் ஒரு புது வகைக் காப்பீட்டைச் சோதித்து வருகிறது. உஷ்ணம் குறித்த அளவைத் தாண்டினால், நோய்ச் சான்று எதுவும் கேட்காமல் ஒரு தொகை அவர்களுடைய கணக்குக்கு வந்துவிடும். எந்த அளவில் தொகை கொடுப்பது, எவ்வளவு கொடுத்தால் ஒருத்தி மெய்யாகவே வீட்டில் இருப்பாள் என்பதெல்லாம் இன்னும் தீர்மானமாகாத கேள்விகள். பொருளாதார நூல் கற்றவர்களுக்கு நல்ல வேலை.

இறுதியாக, சங்கம் நடத்தும் நமக்கு நெருக்கமான ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1995-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கடும் வெயில் அடித்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியல் அறிஞர் அம்மரணங்களைத் தெருத் தெருவாக ஆராய்ந்து, 2002-இல் நூலாக எழுதினார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் இரண்டு பேட்டைகள் அடுத்தடுத்தவை. வெயில் ஒன்றுதான், வறுமையும் தனித்து வாழும் முதியோரும் இரண்டிலும் உண்டு. ஆயினும் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. காரணம் என்ன? ஒரு பேட்டையில் கடைகளும் ஜன நடமாட்டமும் நிறைந்த தெருக்கள். கிழவரும் கிழவியும் வெளியே வந்தார்கள், கண்ணில் பட்டார்கள். மற்றதில் கடைகள் மூடிப் பாழடைந்த தெருக்கள்; முதியோர் அச்சத்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். இதை எந்த உஷ்ணமானியும் காட்டாது. யாருடைய கதவை யார் தட்டுகிறார்கள் என்பதும் விஞ்ஞான விஷயமே என்று தெரிந்துகொண்டபொழுது எங்களுக்கு வியப்பாக இருந்தது. நம் தறித் தாத்தாவின் கதவைப் பால்காரர்தான் தட்டினார். அதுவும் விடிந்த பிறகு.

பேச்சுக்குக் குறிப்புத் தயாரிக்கும்பொழுது காலனி இளைஞர் ஒருவர் மறுத்துரைத்தார்: "நிலக்கரியை எரிப்பதை நிறுத்த வழி தேடாமல், செத்தவர்களை எண்ணிக்கொண்டிருப்பதா முதல் வேலை?" என்றார். நியாயமான கோபம். அடுப்பை அணைக்காமல் விசிறிக்கொண்டே இருப்பதில் பயன் குறைவுதான். வசதியுள்ளவர்கள் மாட்டும் குளிர்சாதனப் பெட்டி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளி, அடுத்த வீட்டு ஜன்னலில் கொட்டுகிறது. அதை ஓட்டும் மின்சாரத்தில் பெரும் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஆகையால் அந்த ஆராய்ச்சியும் நடக்கட்டும். ஆனால், எரிப்பது நாளையே நின்றாலும், ஏறிய சூடு நம் பேரன்மார் காலத்திலும் உடனே இறங்கிவிடாது என்று விஞ்ஞானிகளே சொல்லுகிறார்கள். அடுத்த மே மாதம் எப்படியும் வரும். அந்த இளைஞரை இந்த வேலையிலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த வேலை என்னவென்று சொல்லிவிட்டு முடிக்கிறோம்.

செயற்குழுவின் அனுமதியோடு சாதாரண உஷ்ணமானிகள் பன்னிரண்டு வாங்கியிருக்கிறோம். பன்னிரண்டு வீடுகளில், படுக்கும் அறையில், தலையணைக்குப் பக்கத்துச் சுவரில் அவற்றை மாட்ட வேண்டும். அடுப்பங்கரை வேண்டாம், மின்விசிறிக்கு நேர் எதிரேயும் வேண்டாம். மாலை ஆறு மணி, இரவு பதினொரு மணி, காலை ஐந்து மணி என்று மூன்று வேளை பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். கூரை தகரமா, கான்கிரீட்டா, பீங்கான் பதித்ததா என்பதை முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள். மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்கும், எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் உள்ள வீடுகளுக்கும் முதலிடம். எழுதும் பொறுப்பை எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால் நல்லது. எழுத்து தெளிவாக இருக்கும். விட்டுப்போன நாளை ஊகித்து நிரப்பக் கூடாது, வெற்றாகவே விட வேண்டும். பொருளாளர் அவர்கள் வாசலருகே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடனம் முடிந்து போகும்பொழுது பெயரும் வீட்டு எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள்.